அசனம், கைப்பிடி அரிசி, அறுப்பின் பண்டிகை: சபையாகக் கொடுப்பதும் கூடி உண்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டச் சபைகளில் புதிதாகக் கமிட்டிப் பொறுப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. அசனம் என்பது சபையார் எல்லாரும் கொடுத்து, கூடிச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பொதுச் சாப்பாடு. பெரும்பாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை வழக்கத்தை வைத்துச் சொல்லியிருக்கிறோம். கத்தோலிக்கப் பங்குகளில் அந்தோணியார், சூசையப்பர் அசனம் நடத்துகிறவர்களுக்கும் சமையல், பந்தி, கணக்கு மூன்றும் அப்படியே பொருந்தும்.

அசனம் என்பது கல்யாண விருந்திலிருந்து எந்த வகையில் வேறு?

விருந்தில் ஒரு வீட்டார் கொடுக்கிறார்கள், மற்றவர்கள் உண்கிறார்கள். அசனத்தில் அழைப்பவர் என்று தனியாக யாரும் இல்லை. ஒரு வீட்டு ஆடு, இன்னொரு வீட்டு அரிசி, மூன்றாவது வீட்டு விறகு, நான்காவது வீட்டிலிருந்து வெங்காயம் உரிக்க வந்த இரண்டு கைகள் எல்லாம் ஒரே அண்டாவில் போய்விடுகின்றன. குழம்பில் எது யாருடைய ஆடு என்று யாராலும் சொல்ல முடியாது. அசனத்தின் பொருளே அதுதான். 'இந்த ஆண்டு அசனம் உபயம் இன்னார்' என்று ஒரே குடும்பத்திடம் மொத்தச் செலவையும் கொடுத்துவிடும் சபைகள் இருக்கின்றன. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை அசனம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கூடி உண்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சோறுதானே?

ஆதிச் சபையில் வந்த முதல் உட்பூசலே சோற்றால் வந்தது. அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கம் குறை சொன்னதோ அந்தப் பக்கத்தார் கையிலேயே கரண்டி போயிற்று என்று இதைப் படிக்கலாம். இன்றைக்கும் ஒரு தெருவார் 'எங்களுக்குச் சரியாக விழவில்லை' என்றால், அடுத்த ஆண்டு பரிமாறும் குழுவில் அந்தத் தெருவாரைப் போடுவதைவிட நல்ல வழி கிடையாது.

கொரிந்துச் சபையில் கதை வேறு. வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், வேலை முடிந்து தாமதமாக வந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று பவுல் கடிந்துகொண்டது அதற்காகத்தான். அவர் சொன்ன தீர்வு எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

நம் பக்கத்தில் பந்தி என்பது சாதியோடு பின்னிக் கிடந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்களுக்கு வைத்த சோதனையும் ஒரு சாப்பாடுதான். எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் 'அன்பின் விருந்து' அது. மறுத்தவர்கள் பலர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். ஆக ஒரே பந்தியில் எல்லாரும் உட்காருவது இந்த மண்ணில் தானாக வந்த வழக்கமில்லை.

ஆயிரம் பேருக்கு எவ்வளவு சாமான் வாங்க வேண்டும்?

சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பருப்பு, ரசம் என்ற சாதாரண அசனத்துக்குக் கைக்கணக்கு இது.

அரிசி 140 கிலோ, அதாவது தலைக்கு 140 கிராம். வடித்தால் இரண்டரை மடங்குக்கு மேல் எடை வரும். எலும்போடு கறி 110 கிலோ. உயிர் எடை 20 கிலோ உள்ள ஆட்டில் 9 முதல் 10 கிலோ கறிதான் தேறும் என்பதால் 11 அல்லது 12 ஆடு வேண்டும். நேர்ச்சையாக வரும் குட்டிகள் 12 கிலோ, 14 கிலோ என்று நிற்கும். தலையை எண்ணாமல் எடை போட்டுக் கணக்கிடுங்கள். 'பதினொரு ஆடு வந்துவிட்டது' என்று நிம்மதியாக இருந்து, விடிந்தபின் 70 கிலோ கறியோடு திகைப்பது வழக்கமாக நடப்பதுதான்.

குழம்பில் போட உருளைக்கிழங்கோ கத்தரிக்காயோ 40 கிலோ. சின்ன வெங்காயம் 25, தக்காளி 25, பூண்டு 5, இஞ்சி 3 கிலோ. மல்லித்தூள் 5 கிலோ, மிளகாய்த்தூள் இரண்டரை கிலோ. தேங்காய் 60. எண்ணெய் 12 முதல் 15 லிட்டர். குழந்தைகளுக்கும் கறி உண்ணாதவர்களுக்கும் பருப்புக்குத் துவரம்பருப்பு 20 கிலோ. ரசத்துக்குப் புளி 4 கிலோ. உப்பு எல்லாவற்றுக்குமாக 10 கிலோ. வாழையிலை 1,100. நூறு கிழியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். குடிக்க, சமைக்க, கை கழுவ, பாத்திரம் தேய்க்க எல்லாம் சேர்த்துத் தலைக்கு 4 லிட்டர், அதாவது 4,000 லிட்டர். குடிநீரைத் தனியாக வையுங்கள். கை கழுவும் இடம் பந்தியிலிருந்து வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே வரும் வழியில் இருந்தால் கூட்டம் முட்டிக்கொள்ளும், சேறும் மிதிபடும்.

சமையல் வேலையை எந்த நேரத்தில் தொடங்குவது?

ஆராதனை 11 மணிக்கு முடிந்து, 12 மணிக்கு முதல் பந்தி என்றால், முந்தின நாள் மாலையே வெங்காயம், பூண்டு உரித்து முடித்துவிட வேண்டும். இந்த வேலை பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலையிலேயே விழுகிறது. ஏன் அப்படி என்று கேட்டால் 'வழக்கம்' என்பார்கள். வாலிபர் சங்கத்தையும் பாயில் உட்கார வையுங்கள். 25 கிலோ சின்ன வெங்காயம் உரிக்க இருபது பேருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டார் மீண்டும் பேசத் தொடங்குவது பெரும்பாலும் இந்தப் பாயில்தான், பந்தியில் அல்ல.

ஆடு உரிப்பது அதிகாலை 3:30-க்கு. முந்தின இரவே உரித்து வைத்தால் குளிர்பெட்டி இல்லாத இடத்தில் கறி கெடும். 6 மணிக்குள் துண்டு போட்டு, 6:30-க்கு அடுப்பில் ஏற்றி, 9:30-க்கு இறக்கி, கடைசிப் பந்தி வரை தணலில் கொதிநிலையை ஒட்டியே வைத்திருங்கள். வெதுவெதுப்பாக விட்டால்தான் ஆபத்து.

சோற்றை ஒரேயடியாக வடிக்காதீர்கள். பந்திக்கு 28 கிலோ வீதம் ஐந்து தடவை. உலைநீரைத் தனி அண்டாவில் கொதித்தபடியே வைத்திருந்தால் அரிசி போட்ட அரைமணியில் பதம் வந்துவிடும், வடிய இன்னொரு கால்மணி. முதல் உலையில் 11 மணிக்கு அரிசி போடுங்கள். 140 கிலோவையும் காலையிலேயே வடித்து மலைபோலக் குவித்தால், நடுவில் சூடும் ஈரமும் அடைந்து, இரண்டு மணிக்கெல்லாம் ஊசல் வாடை எழும். கடைசி உலையைப் போடும் முன் ஆலய வளாகத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டும். மீந்துபோவதில் பாதி இந்த ஒரு எண்ணிக்கையால் குறையும்.

பந்தி எப்படி அமைப்பது? முக்கியஸ்தர்களை எங்கே உட்கார வைப்பது?

ஒரு பந்திக்கு 200 பேர், ஐம்பது ஐம்பதாக நான்கு வரிசை. ஒரு வரிசைக்குச் சோற்றுக்கு இருவர், குழம்புக்கு இருவர், பருப்பும் ரசமும் ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், இலை போடவும் எடுக்கவும் ஒருவர் என ஏழு பேர். நான்கு வரிசைக்கு 28 பேர். இரண்டு குழுவாகப் பிரித்து மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் பந்தியில் களைப்பால் கை கணக்குத் தப்பும். இலை எடுத்து, துடைத்து, அடுத்த இலை போடுவது உட்பட ஒரு பந்தி அரைமணி.

முதல் பந்தி யாருக்கு என்று கேட்டால் எங்கள் பதில்: முதியோர், குழந்தைகள், மருந்து சாப்பிடுகிறவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள். குருவானவரும் கமிட்டியாரும் கடைசிப் பந்தி. இதை அறிவிப்பில் சொல்லத் தேவையில்லை, செய்தால் போதும். கமிட்டியார் கடைசியில் உண்ணும் சபையில் குழம்பு தீர்ந்துபோவதே இல்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

மேசை நாற்காலி ஒரு பகுதியாருக்கு, தரைப்பாய் மற்றவர்களுக்கு என்று வைக்காதீர்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலி வேண்டும், சரி. அவற்றை ஒவ்வொரு வரிசையின் முனையிலும் இரண்டு இரண்டாகப் போடுங்கள். தனி அறை, தனிப் பந்தல், 'வி.ஐ.பி. டேபிள்' மூன்றும் கூடாது. தெருவாரியாக டோக்கன் கொடுக்காதீர்கள். நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். டோக்கன் தேவைப்பட்டால் வந்த வரிசைப்படி கொடுங்கள். பரிமாறும் குழுவையும் சமையல் குழுவையும் எல்லாத் தெருவிலிருந்தும் கலந்து போடுங்கள். உண்பதில் மட்டும் சமத்துவம் காட்டி, அடுப்பங்கரையில் ஒரே சாதியார் நின்றால் பாதிதான் நடந்திருக்கிறது.

கடைசிப் பந்திக்குக் குழம்பு பற்றாமல் போவது ஏன்?

பெரும்பாலும் தூக்குவாளியால். வீட்டில் படுத்திருக்கிற தாத்தாவுக்கு என்று கேட்பவரை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் ஒரு வாளிக்கு 'போதும்' என்று சொல்ல யாரும் நிற்காததால் ஆறு பேர் குழம்பு ஒரு வாளியில் போய்விடுகிறது.

இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று, குழம்பை முன்கூட்டியே பந்திக்குப் பங்கிடுவது. தலைக்கு நான்கு துண்டும் 150 மில்லி குழம்பும் என்றால் 200 பேருக்கு 30 லிட்டர். மறுசோற்றுக்கு இன்னொரு 10 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் பந்திக்கு நான்கு வாளி, ஐந்து பந்திக்கு இருபது. அந்தப் பந்தியின் நான்கு வாளி தீர்ந்தால் அடுத்ததின் மூடியைத் திறக்கக் கூடாது. முதல் கரண்டியில் துண்டும் குழம்பும், மறுகரண்டியில் வெறும் குழம்பு. இரண்டாவது, வர முடியாதவர்களின் பட்டியலைச் சபை ஊழியரிடம் முந்தின வாரமே வாங்கி, அவர்களுக்கான உணவை முதல் பந்திக்கு முன்பே கட்டி, வாலிபர்கள் கையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அப்புறம் கடைசிப் பந்தி எழுந்தபின் மிச்சம் இருந்தால் தூக்குவாளிக்குக் கொடுக்கலாம். வாசலில் ஒருவர் நின்று இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். சபையிலேயே பொறுமையான ஆளைத் தேடிப் பிடியுங்கள்.

மீந்த சோற்றை மாலையில் விடுதிக்குக் கொடுக்கலாமா?

வடித்து நான்கு மணி நேரத்துக்குள் என்றால் உடனே கொடுக்கலாம். மாலை 6 மணிக்குக் கூடாது. சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நல்ல மனதோடு கொடுத்த மீதி உணவில் பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால், அடுத்த பத்து ஆண்டுக்கு அந்தச் சபை அசனத்துக்கு அந்தப் பெயர்தான். விடுதிக்குக் கொடுக்க விரும்பினால் அவர்கள் எண்ணிக்கையையும் முதலிலேயே சேர்த்துச் சமைத்து, முதல் பந்தியோடு அனுப்புங்கள்.

செலவுக்குத் தலைக்கட்டு வரி போடலாமா, விருப்பக் காணிக்கை போதுமா?

வரி போட்டால் பணம் உறுதியாக வரும். ஆனால் கட்ட முடியாத வீட்டார் அன்று வெளியூர் போய்விடுவார்கள். விருப்பக் காணிக்கை என்றால் யாரும் ஒளியத் தேவையில்லை, ஆனால் கமிட்டிக்கு இரவுத் தூக்கம் போகும். எங்களுக்குச் சரியாகத் தோன்றுவது மூன்று வாரத் திட்டம். முதல் ஞாயிறு மதிப்பீட்டை முழுதாகப் பலகையில் எழுதுங்கள்: அரிசி இவ்வளவு, ஆடு இத்தனை, இலை இத்தனை. பொருளாகக் கொடுக்கிறவர்கள் பெயர் இல்லாமல், பொருளுக்கு நேரே கோடு போட்டுப் போகட்டும். ஒரு கிலோ பூண்டு கொடுப்பவரும் கோடு போடலாம், இரண்டு ஆடு கொடுப்பவரும் போடலாம். மூன்றாம் ஞாயிறு நிற்கும் பற்றாக்குறையை அறிவியுங்கள். அதன்பிறகும் நின்றால் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். கறியைப் பாதியாக்கிக் காய் கூட்டினால் யாருடைய விசுவாசமும் குறையாது. கடன் வாங்கி அசனம் போடாதீர்கள்.

சங்கக் காணிக்கை பாக்கி வைத்திருப்பவர், சபையோடு மனத்தாங்கல் உள்ளவர், வேறு மதத்து அயலார் வரலாமா?

மூவரும் வரலாம். பல சபைகளில் சங்கக் காணிக்கை, அதாவது உறுப்பினர் செலுத்த வேண்டிய சந்தா, பாக்கி இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. அது நிர்வாக விதி, அதைப் பந்தியில் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. விருந்து செய்யும்போது ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழை, அவர்கள் உனக்குப் பதில் செய்ய மாட்டார்கள் என்பது லூக்கா 14-இல் இயேசு சொன்னது. திரும்பச் செய்ய முடியாதவர் என்பதே அங்கே அழைப்பதற்குக் காரணம். மனத்தாங்கல் உள்ள வீட்டுக்கு அழைப்பு அட்டை மட்டும் போதாது. அந்த வீட்டாரோடு சண்டை போடாத ஒருவர் நேரில் போக வேண்டும். அயலாரில் சைவம் உண்பவர்கள் வருவார்கள் என்றால் பருப்பு, ரசத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி வைத்து, அதை அவர்களுக்குச் சொல்லியும் விடுங்கள்.

கைப்பிடி அரிசி என்பது என்ன? இன்று அது நடைமுறைக்கு ஆகுமா?

உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுவருவது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்கே ஊழியப் பணியின் முதுகெலும்பாக நிற்கிறது. இதன் அழகு என்னவென்றால், கையில் காசு புழங்காத பெண்கள் தங்கள் சொந்தக் கையால் கொடுப்பது இது. கொடுப்பதால் அந்த வேளைச் சோறு குறைந்ததும் தெரியாது.

ஒரு கைப்பிடி ஏறத்தாழ 45 கிராம். நாளுக்கு இரண்டு உலை என்றால் மாதம் 2.7 கிலோ. நூறு வீட்டில் 270 கிலோ. சின்னக் கணக்கு இல்லை.

சிக்கல் எல்லாம் சேர்ந்தபின்தான். பொன்னியும் இட்லி அரிசியும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் கொட்டினால், வேகும் நேரம் வேறு வேறாக இருப்பதால் ஒன்று குழைய இன்னொன்று விதையாக நிற்கும். அப்படிக் கலந்ததை ஏழை வீட்டுக்குக் கொடுப்பது கொடையே அல்ல, குப்பையைத் தள்ளிவிடுவது. சாப்பாட்டுப் புழுங்கல், பச்சரிசி, மற்றவை என்று மூன்று டிரம் வையுங்கள். ஈரக் கையால் எடுத்துப் போட்டது பூஞ்சை பிடிக்கும், இரண்டு மாதம் கிடந்தது வண்டு வைக்கும். ஆகவே மாதத்துக்கு மேல் வீட்டில் வைக்கச் சொல்லாதீர்கள். இரண்டு வற்றல் மிளகாயோ ஒரு பிடி வேப்பிலையோ உள்ளே போட்டால் வண்டு தாமதமாகும். ரேஷன் அரிசியை ஏலம் விடவோ கடையில் விற்கவோ கூடாது, அது சட்டப்படி குற்றம். அதைச் சமைத்துப் போடுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். இரண்டே பேர் உள்ள நகரத்து வீடுகள் அரிசிக்குப் பதில் உண்டியலில் நாளுக்கு ஐந்து ரூபாய் போடுவதும் இப்போது வழக்கமாகி வருகிறது. அதுவும் சரியே.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வீம்பு ஏறிவிடுகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

அறுவடைக்கு நன்றி சொல்லும் இந்தப் பண்டிகையில் வாழைத்தார், தேங்காய், கோழி, முருங்கைக்காய், கருப்பட்டி, பனங்கிழங்கு என்று முதற்பலன் வந்து ஏலம் போவது நல்ல காட்சி. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதும், வாங்கியவர் அதைத் திரும்பக் காணிக்கையாக்கி மறுபடி ஏலம் விடுவதும் சிரிப்பும் களிப்புமாக இருக்கும் வரை நல்லது. மைத்துனன் ஏற்றியதால் நானும் ஏற்றினேன் என்று ஆகும்போது கெடுகிறது. அப்படி ஏறிய தொகை பெரும்பாலும் கடனாகவே நிற்கும். வசூலிக்கப் போனால் கசப்பு, விட்டால் மற்றவர்கள் பேச்சு.

ஏலம் தொடங்கும் முன்பே மூன்று விதி சொல்லிவிடுங்கள். 30 நாளுக்குள் பணம். ஒரு பொருள் ஒருமுறை மட்டுமே திரும்ப ஏலத்துக்கு வரும். கேட்ட விலையோடு பெயரை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்வதில்லை. அதோடு, வந்த பொருளில் மூன்றில் ஒரு பங்கை ஏலத்துக்கு முன்பே சந்தை விலைக்கு ஒரு மேசையில் வைத்து விற்றுவிடுங்கள். ஏலத்தில் வாய் திறக்க வசதியில்லாத வீட்டாரும் ஆலயத்திலிருந்து ஒரு சீப்புப் பழம் வாங்கிப் போக வேண்டுமே.

கொடுத்தவர்கள் பெயரைப் பலகையிலும் பத்திரிகையிலும் போடலாமா?

நம் சபைகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கொடுத்தவர் பெயர் மின்விசிறி இறக்கை வரை எழுதப்படுகிறது, பணம் எங்கே போயிற்று என்பது கமிட்டி நோட்டிலேயே கிடக்கிறது. இதைத் திருப்பிப் போடுங்கள். கொடுத்தவருக்கு ரசீது கையில் போய்ச் சேரட்டும், பெயர் அங்கேயே நிற்கட்டும். வரவு செலவின் மொத்தம் மட்டும் எல்லாக் கண்ணுக்கும் தெரியும்படி வாசலில் தொங்கட்டும். 'பெயர் போடாவிட்டால் கொடுக்க மாட்டார்கள்' என்ற பயம் முதல் ஆண்டு உண்மையாகலாம். பெரிய தொகை சில குறையும். ஆனால் ஐம்பது ரூபாய் கொடுக்கக் கூச்சப்பட்டு நின்றவர்கள் கொடுக்கத் தொடங்குவார்கள்.

காணிக்கையை எண்ணுவதில் என்ன ஒழுங்கு வேண்டும்?

எருசலேம் ஏழைகளுக்காகத் தொகை திரட்டிய பவுலே அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் நியமித்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், யாரும் குறை சொல்லக் கூடாது என்று காரணத்தையும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:19–21). அவரைவிட நாம் நம்பகமானவர்கள் இல்லை.

உறவுமுறை இல்லாத மூன்று பேர், ஆராதனை முடிந்தவுடன், வளாகத்திலேயே எண்ண வேண்டும். 500, 200, 100 என்று தாள் வாரியாகச் சீட்டு எழுதி மூவரும் கையெழுத்து, ஒரு நகல் குருவானவருக்கு, ஒன்று பொருளாளருக்கு. உறைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்கு. 'மைக்செட்காரருக்கு உடனே கொடுக்கணும்' என்று தட்டிலிருந்து 2,000 எடுத்து, மீதியை மட்டும் வரவு வைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வாசல். திருட்டு இல்லாத இடத்திலும் அது சந்தேகத்தை உண்டாக்கும். சில்லறைச் செலவுக்குத் தனியாக 5,000 ரூபாய் கைமுதல் வைத்து, ரசீது காட்டி நிரப்பிக்கொள்ளுங்கள்.

கஷ்டப்படும் குடும்பத்துக்கு உதவி நிதி எப்படி நடத்துவது?

பிரச்சினை பணத்தட்டுப்பாட்டில் தொடங்குவதில்லை, கேட்பதில் இருக்கும் வெட்கத்தில் தொடங்குகிறது. முழுக் கமிட்டி முன் நின்று தன் வறுமையை விளக்கச் சொன்னால் உண்மையாகத் தேவைப்பட்டவர் வரமாட்டார். மூன்று பேர் குழு போதும், அதில் ஒரு பெண் கட்டாயம். கேட்ட 48 மணி நேரத்துக்குள் இருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். ஒரு வரம்பு வரை, உதாரணமாக 10,000 ரூபாய், குழுவே கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் பெயர் சொல்லாமல் கமிட்டி ஒப்புதல். மருத்துவச் செலவை மருத்துவமனைக்கும், கல்விக் கட்டணத்தைக் கல்லூரிக்கும் நேரடியாகச் செலுத்துங்கள். ஆண்டறிக்கையில் 'மருத்துவ உதவி, 6 குடும்பம், இவ்வளவு தொகை' என்று மட்டும் வரட்டும்.

வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். திருப்பிக் கட்ட முடியாதவர் முதலில் நிறுத்துவது தவணையை அல்ல, கோவிலுக்கு வருவதை. கொடுக்க முடிந்ததைக் கொடையாகக் கொடுத்துவிடுங்கள்.

வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் பணம் அனுப்பினால் வாங்கலாமா?

இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கடவுச்சீட்டு நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே ஊர்க்காரர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில் அதைப் பெறலாம். உள்ளூர்ச் சபைக் கணக்கில் வாங்கினால் சிக்கல். திருமண்டல (பேராயரின் நிர்வாக எல்லை) அலுவலகத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தசமபாகம் கட்டாயமா?

சபைக்குச் சபை போதனை மாறும். பவுல் எழுதிய அளவுகோலில் விழுக்காடு இல்லை: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கதாக, விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்ல. கூலி நிச்சயமில்லாதவரிடம் பத்தில் ஒன்றைக் கேட்டு வற்புறுத்துவதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாது.

பக்கத்து ஊரில் உள்ள வேறு பிரிவுச் சபையோடு சேர்ந்து செய்யலாமா?

செய்யலாம், அதுவும் உபதேசப் பேச்சில் தொடங்காமல் கொடுப்பதில் தொடங்கினால் எளிது. நம் வரலாற்றின் வரிசையும் அதுதான். 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களைக் கொண்டு நிறுவித் தெலுங்கு நாட்டில் தோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1905-இல் செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனரி சங்கத்தில் பல பிரிவாரும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டிலும் முன்னின்றவரும் பின்னாளில் தோர்னக்கல் பேராயரானவருமான வி.எஸ். அசரியா, 1919-இல் தரங்கம்பாடியில் சபைகள் இணைய வேண்டும் என்ற அறிக்கை எழுந்தபோதும் முன்னணியில் இருந்தார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27-இல். அசரியா அதைக் காணாமல் 1945-இலேயே காலமானார்.

இன்றைக்கு இரண்டு சபை சேர்ந்து தொடங்க ஏற்றவை: வெள்ள நிவாரண அரிசி, மருத்துவ முகாம், கல்லறைத் தோட்டம் துப்புரவு. பணத்தை ஒரே கணக்கில் கலக்காதீர்கள். செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அரிசி ஒரு சபை, வண்டி வாடகை ஒரு சபை என்று. பையில் எந்தச் சபையின் பெயரையும் அச்சிட வேண்டாம் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் வரும் சண்டை பெரும்பாலும் பேனரில் யார் பெயர் மேலே என்பதுதான்.

அசனக் கணக்கை எப்போது, எப்படி வாசிப்பது?

அடுத்த ஞாயிறே, ஒரு பக்கத்தில். வந்த அரிசி, செலவான அரிசி, மீந்த அரிசி எங்கே போயிற்று. ஆட்டுத் தோல் விற்ற பணத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். பன்னிரண்டு தோலின் விலை பெரிய தொகை இல்லை, ஆனால் அது விடுபட்டதை யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.